ஆங்கில 'டேக்' (take) எங்கே, எப்படி? நீலகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று பயணிகள் கேட்டால் "டிரெயின் இஸ் டேக்கிங் ஃபைவ் அவர்ஸ்" என்கிறேன். சரியா? (சுற்றுலா வழிகாட்டி, ஊட்டி)

புரிந்துகொள்வார்கள். ஆனால் 'இஸ் டேக்கிங்' என்றால் இன்றைய வண்டி தாமதமாகிறதோ என்று நினைக்கவும் இடமுண்டு. அன்றாடம் நடப்பதற்கு 'டேக்ஸ்' போதும்: "இட் டேக்ஸ் அபவுட் ஃபைவ் அவர்ஸ் டு ரீச் ஊட்டி." நேரத்துக்குப் பின் 'டு', அதன்பின் வினை. 'ஃபார் ரீச்சிங்' வேண்டாம். போய்ச் சேர்ந்தபின் சொன்னால் "இட் டுக் அஸ் ஃபைவ் அவர்ஸ்." கேள்வியாகக் கேட்க "ஹவ் லாங் டஸ் இட் டேக்?" 'ஹவ் மச் டைம் இட் டேக்ஸ்' என்பதில் 'டஸ்' விடுபடுகிறது.

இறங்கும்போது சுமார் மூன்றரை மணி நேரம்தானே என்று அவர்கள் வியந்தால் காரணத்தையும் சொல்லுங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் ஏற்றம். தண்டவாளத்துக்கு நடுவே உள்ள பல்தண்டவாளத்தைப் பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டு எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது.

கேள்வி: அறையிலிருந்து விருந்தினர் போனில் வெந்நீர் கேட்டார். "ஐ வில் டேக் ஹாட் வாட்டர்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. (தங்கும் விடுதி, குன்னூர்)

வெந்நீரை நீங்களே எடுத்துக்கொள்ளப் போவதாக அவர் நினைத்திருப்பார். கேட்பவர் இருக்கும் இடத்துக்குக் கொண்டு வருவது 'பிரிங்'. இருவரும் இல்லாத வேறிடத்துக்குக் கொண்டு போவது 'டேக்'. "ஐ வில் பிரிங் இட் டு யுவர் ரூம்", "ஐ வில் டேக் யுவர் பேக்ஸ் டு தி கார்." தமிழில் 'கொண்டு வரேன்', 'கொண்டு போறேன்' என்று எதைச் சொல்வீர்களோ, பெரும்பாலும் அதுவே வழிகாட்டும்.

கேள்வி: "வில் யூ டேக் டீ?" என்று உபசரிக்கலாமா? (அதே விடுதி)

தவறில்லை, பழைய பாணி. இப்போது "வுட் யூ லைக் சம் டீ?" என்பதே இயல்பு. ஆனால் பால், சர்க்கரை சேர்க்கும் வழக்கத்தைக் கேட்க 'டேக்' அருமையாகப் பொருந்தும்: "டூ யூ டேக் மில்க்?"

கேள்வி: நாற்றங்கால் குறிப்பில் "தி கட்டிங்ஸ் ஹேவ் டேக்கன்" என்றிருக்கிறது. எதை எடுத்தன? (தேயிலை விவசாயி, கோத்தகிரி)

எதையும் எடுக்கவில்லை, நட்ட தண்டுத் துண்டுகள் வேர் பிடித்துவிட்டன. பின்னால் செயப்படுபொருள் இல்லாமல் வரும் இந்த 'டேக்' செடிக்கும் ஒட்டுக்கும் சாயத்துக்கும் பொருந்தும். "டிட்ன்ட் டேக்" என்றிருந்தால் பிடிக்கவில்லை.

பள்ளியில் 'டேக்' என்றால் 'எடு' என்று மட்டும் படித்ததுதான் இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம். 'பிடி' என்று வைத்துப் பாருங்கள், பல வாசல்கள் திறக்கும்: நேரம் பிடிக்கும், பஸ் பிடிப்போம், வேர் பிடிக்கும். "ஷி டுக் டு கோத்தகிரி" என்றால் அவளுக்கு ஊர் பிடித்துப்போயிற்று.

தேயிலைத் தொழிற்சாலையில் இன்னொன்றும் கேட்பீர்கள்: நொதிக்கும்போது இலை செம்பு நிறம் ஏறுவதை 'டேக்ஸ் ஆன் எ காப்பரி கலர்' என்பார்கள். 'டேக் ஆன்' என்றால் ஏற்றுக்கொள்வது. நீராவி எஞ்சின் வழியில் நின்று தண்ணீர் நிரப்பிக்கொள்வதும் 'டேக்கிங் ஆன் வாட்டர்'தான். ஊட்டி ஏரிப் படகில் யாராவது அதையே சொன்னால் படகுக்குள் தண்ணீர் புகுகிறது. உடனே கரைக்குத் திருப்புங்கள்.

கேள்வி: 'டுக்', 'டேக்கன்' எப்போது? (மாணவர், கூடலூர்)

'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' முன்னால் வந்தால் 'டேக்கன்'. செயப்பாட்டு வினையிலும் அதுவே: "தி போட்டோ வாஸ் டேக்கன் அட் தொட்டபெட்டா." துணைவினை இல்லாத இறந்தகாலத்துக்கு 'டுக்'. 'டிட்' வந்தால் மூல வடிவம்: "ஐ டிட்ன்ட் டேக்." 'டிட்ன்ட் டுக்' என்றெழுதினால் மதிப்பெண் போகும்.

கேள்வி: 'டேக் ரெஸ்ட்' தவறா? (செவிலியர், குன்னூர்)

நம் நாட்டில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு நோயாளியிடம் "கெட் சம் ரெஸ்ட்" என்று சொல்லுங்கள். 'டேக்' வேண்டுமென்றால் நடுவில் 'எ' சேருங்கள்: "டேக் எ ரெஸ்ட்." மருந்துக்கு மட்டும் தயங்காமல் 'டேக்'. நாம் மாத்திரை 'சாப்பிடுகிறோம்' என்பதற்காக 'ஈட்' போட வேண்டாம்: "டேக் ஒன் டேப்லட் ஆஃப்டர் ஃபுட்."