பின்னங்கால் தள்ளாடும் பூனை: கொரோனா மூளையைத் தொட்டால்

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் பூனைக்கு எட்டு மாதம். இரண்டு வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். இப்போது பின்னங்கால் தள்ளாடுகிறது, ஒரு கண் மங்கிவிட்டது. பூனைக் கொரோனா மூளையைத் தாக்கியிருக்கலாம் என்கிறார் டாக்டர். பிழைக்குமா? வீட்டில் ஆயாவுக்கு ஒட்டிக்கொள்ளுமா?"

ஆயாவுக்கு ஒட்டாது. இது கோவிட் கிருமி அல்ல. பூனைகளின் குடலில் வாழும் வேறொரு கொரோனா. மலத்தின் வழியே பரவும், பெரும்பாலும் லேசான வயிற்றுப்போக்கோடு போய்விடும். சில பூனைகளில் மட்டும் உடலுக்குள்ளேயே உருமாறி எஃப்ஐபி என்ற கடும் நோயாகிறது. வயிற்றில் நீர் கோக்காத உலர் வகையில்தான் மூளையும் கண்ணும் அதிகம் அடிபடும்.

ஆத்தங்குடிக் கல் தரையில் நல்ல பூனையும் வழுக்கும். கோணிச்சாக்கை விரித்து அதன்மேல் நடக்கவிட்டு வீடியோ எடுங்கள். அதிலும் தள்ளாடினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆனால் வெறிநோயிலும் (ரேபிஸ்) இப்படித் தள்ளாட்டம் வரும், அதை முதலில் யோசிக்க வேண்டும். தடுப்பூசி போடாத, வெளியே சுற்றும் பூனை என்றால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கடித்தோ பிறாண்டியோ இருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

கொரோனா எதிர்ப்பணு (ஆன்டிபாடி) சோதனையை மட்டும் நம்ப முடியாது; ஆரோக்கியமான பூனைக்கும் பாசிட்டிவ் வரும். ரத்தத்தில் அல்புமின், குளோபுலின் என்ற இரு புரதங்களின் விகிதம் 0.4க்குக் கீழே இருந்தால் சந்தேகம் வலுக்கும், 0.8க்கு மேல் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். உள்ளூரில் வசதி இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள்.

பிழைக்குமா? சில ஆண்டுகளுக்கு முன்புவரை இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஜிஎஸ்-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து அதை மாற்றிவிட்டது. கோவிடுக்குக் கொடுத்த ரெம்டெசிவிர் உடலுக்குள் போய் இதுவாகத்தான் மாறுகிறது. மூளைக்குள் மருந்து எளிதில் நுழையாது, அதனால் அளவு கூட வேண்டும்: பொதுவாகக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், இருவேளையாகப் பிரித்து, 84 நாள். நீர் கோத்த பூனைகளுக்கு 42 நாளே போதும் என்று 2024இல் ஓர் ஆய்வு வந்தது. உங்கள் பூனைக்கு அது பொருந்தாது.

பல பூனைகள் சில நாளிலேயே எழுந்து சாப்பிடத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள், தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வாரந்தோறும் எடை பாருங்கள். எடை கூடக்கூட மருந்தும் கூட வேண்டும். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் வீக்கம் வடியும், கிருமி போகாது. வலிப்பு வந்தால் தனி மருந்து உண்டு, காத்திருக்காமல் அழைத்துப் போங்கள். மருந்து முடிந்த பிறகும் 84 நாள் கண்காணிப்பு. தள்ளாட்டம் திரும்பினால் அளவைக் கூட்டி மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.