மட்டக்களப்பில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட அனுமதி பெற வேண்டுமா?

ஆம், பெற வேண்டும். நீங்கள் இலண்டனில் இருப்பதாகவும், வீடு கல்லடியில் கடற்கரைப் பக்கமாக இருப்பதாகவும், சாவி மச்சானிடம் இருப்பதாகவும், மூன்று அறை வீட்டுக்கு யார் வந்து அனுமதி கேட்கப்போகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தாழ இதே சொற்களை 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் என் மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். அரச அலுவலகங்களில் 31 ஆண்டுகள் முகாமைத்துவ உதவியாளராக வேலை செய்து, பிறருடைய விண்ணப்பங்களில் எந்தப் பத்திரம் குறைகிறது என்று பார்த்துத் திருப்பி அனுப்பிய நான், சொந்தக் காரியத்தில் ஒரு பத்திரமும் இல்லாமல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாடகை வாங்கினேன். அந்த வெட்கத்தினால்தான் இதை நீளமாக எழுதுகிறேன்.

அது மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு. அவள் கனடாவுக்குப் போன பிறகு பூட்டிக் கிடந்தது. கடல் உப்புக் காற்றில் யன்னல் கொளுக்கிகள் துருப்பிடித்து உதிரத் தொடங்கின. ஏர்பிஎன்பி என்ற வாடகை இணையத்தளத்தில் போட்ட முதல் மாதமே ஒரு ஜெர்மனியத் தம்பதியர் வந்து, பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் கேட்க வேண்டும் என்று நான்கு நாட்கள் தங்கினார்கள். அதன் பின்னர் உள்ளூர்க் குடும்பங்களும் வரத் தொடங்கின. நான் அடுத்த ஒழுங்கையில் இருக்கிறேன். சாவி கொடுப்பதும் படுக்கை விரிப்புகளைத் தோய்ப்பதும் என் வேலை. வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நடந்த பிழை முழுவதும் என்னுடையது.

2024 நவம்பர் கடைசியில் பெய்த மழையையும் வந்த வெள்ளத்தையும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குச் சற்று முன்னர், மூன்று அறைகளில் 11 பேர் கொண்ட ஒரு குழுவை ஐந்து நாட்கள் தங்க விட்டிருந்தேன். எங்கள் மண் மணல். மாரியில் நிலத்தடி நீர் மேலெழுந்துவிடும் என்பது கிணறு தோண்டிய எவருக்கும் தெரியும். நான்கு பேர் குடும்பத்துக்கென்று கட்டிய மலசலகூடக் குழி நிரம்பிப் பொங்கியது. பக்கத்து வளவில் இருக்கும் பெரியம்மா, என்னைப் பிள்ளையிலிருந்து தெரிந்தவர், வேலியருகே வந்து நின்று, "மகள், உன்ட வீட்டுத் தண்ணி எங்கட கிணத்துக்குள்ள வருது கா" என்று மட்டும் சொன்னார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். குழிக்கும் அந்தக் கிணற்றுக்கும் இடையே நாடா பிடித்து அளந்தார், 38 அடி. "இதில் எத்தனை பேர் தங்குகிறார்கள்?" என்று கேட்டார். அனுமதிப் பத்திரத்தைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. எழுத்தில் அறிவித்தல் கிடைத்தது; நத்தார் விடுமுறைக்கு முற்பதிவு செய்திருந்த எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மூடினேன். தெரிந்த சபை உறுப்பினர் ஒருவரைப் பிடித்துக் கதைக்கலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, அடுத்த தேர்தல் 2025 மே மாதத்தில்தான் நடந்தது. இடையில் பிடித்துக் கதைக்க உறுப்பினர் என்று ஒருவரும் இருக்கவில்லை. அது நல்லதாயிற்று என்றே இன்று நினைக்கிறேன். கதைத்து மூடியிருந்தால் குழி அப்படியே இருந்திருக்கும், பெரியம்மா அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்திருப்பார்.

இனி நீங்கள் கேட்ட விடயம். உங்கள் வீடு கல்லடியில் இருப்பதால் மாநகர சபையின் எல்லைக்குள் வருகிறது. பாசிக்குடா என்றால் கோறளைப்பற்றுப் பிரதேச சபையும், அறுகம்குடா என்றால் பொத்துவில் பிரதேச சபையும் உங்கள் சபையாக இருக்கும். குடியிருக்கவென்று வரைபடம் அங்கீகரிக்கப்பட்ட கட்டடத்தில் பணத்துக்கு ஆட்களைத் தங்கவைப்பது பயன்பாட்டு மாற்றமாகப் பார்க்கப்படும் என்பதால், அங்கீகரித்த வரைபடமும், அதன்படியே கட்டப்பட்டது என்று காட்டும் இணக்கச் சான்றிதழும் கையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு சபையின் வியாபார அனுமதிப்பத்திரம். அது டிசம்பர் 31உடன் காலாவதியாகும். ஒக்டோபரில் எடுத்தால் சனவரியில் மறுபடியும் போய் நிற்க வேண்டும். வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில் நடக்கும். அது இவற்றுள் இலகுவானது.

இவற்றுக்கு மேல், 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரர் அங்கேயே வசித்துக்கொண்டு அறைகளை மட்டும் கொடுப்பது ஒரு வகை, முழு வீட்டையும் கொடுப்பது வேறொரு வகை. நீங்கள் இலண்டனில் இருப்பதால் முதல் வகை உங்களுக்குப் பொருந்தாது. அந்தப் படிவத்தை நிரப்பி நாட்களை வீணாக்காதீர்கள். பதிவு செய்தால் மொத்த வருமானத்தில் 1 வீதம் சுற்றுலா அபிவிருத்தி வரியாகச் செலுத்த வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மின்சாரக் கட்டணப் பட்டியலிலும் வீடு ஒரு வகை, சுற்றுலா விடுதி வேறு வகை.

கடற்கரை பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். உயர் நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம் அதைக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்திருக்கிறது. வாடகை வரத் தொடங்கியதும் பின்வளவில் ஓர் ஓலைக் குடிலும் மேலதிகக் குளியலறையும் போட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கும் வரும், எனக்கும் வந்தது. அனுமதியில்லாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். சுனாமிக்குப் பின்னர் கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அறிவித்து, பின்னர் அதைத் தளர்த்தினார்கள். அந்தத் தளர்வை நினைத்துக்கொண்டு இப்போது எல்லாம் முடியும் என்று சொல்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். நாவலடியில் என் சித்தியின் வீடு இருந்த இடத்தில் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு படிக்கட்டு மட்டும் மிஞ்சியது. இந்த அளவுகளைத் தொல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

"பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் பதிவில்லாமல் எத்தனையோ வீடுகள் நடக்கின்றன, இந்த அம்மா பயமுறுத்துகிறார்" என்று யாராவது கீழே எழுதக்கூடும். நடக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு விதவைத் தாய் ஓர் அறையைக் கொடுத்துப் பிழைப்பதையும் நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கிணறு கெட்டால், மின்சாரம் தாக்கினால், கடலில் ஒருவர் போய்விட்டால், பத்திரமில்லாத வீட்டுக்காரர் எந்த இடத்தில் நின்று பதில் சொல்வார் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஏர்பிஎன்பியில் வீட்டின் படம் வருவதை அனுமதி என்று நினைப்பவர்களும் உண்டு. அது விளம்பரப் பலகை மாதிரி மட்டுமே.

விருந்தினர் பதிவேடு கட்டாயம் வைத்திருங்கள். கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை இலக்கம், வந்த நாள், போன நாள் எல்லாம் எழுதப்பட வேண்டும். யுத்த காலத்தில் வீட்டில் யார் யார் படுக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து, அந்தப் பட்டியலில் இல்லாத ஓர் உறவுக்காரர் இரவு தங்கினால் நெஞ்சு பதறிய தலைமுறை நாங்கள். பதிவேடு என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. ஆயினும் 2019 ஏப்ரல் 21 அன்று இதே மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, முகம் தெரியாதவர்கள் பைகளுடன் பக்கத்து வீட்டுக்கு வந்து இறங்கினால் அயலவர்கள் பயப்படுவதைக் குறையாகப் பேச என்னால் முடியவில்லை.

ஒரு மனவருத்தத்தையும் பதிந்துவிடுகிறேன். இந்த அலைச்சலின்போது ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ். அந்தக் கடிதத்தில் பதிலளிக்க 14 நாட்கள் தரப்பட்டிருந்தன. அதை மொழிபெயர்ப்பிக்க ஆறு நாட்கள் சென்றன. தமிழில் தாருங்கள் என்று எழுத்தில் கேட்டேன், இரண்டாம் கடிதம் தமிழில் வந்தது. நீங்களும் எழுத்தில் கேளுங்கள்.

புதிய குழியைப் பெரியம்மாவின் கிணற்றிலிருந்து எதிர்மூலைக்கு மாற்றி, ஆறு பேருக்கு மேல் தங்க முடியாது என்று எழுதிப்போட்டு, 2025 ஆகஸ்டில் மீண்டும் திறந்தேன். செலவு, முந்தைய ஒரு வருட வாடகையை விழுங்கியது. பெரியம்மாவின் கிணற்றை என் செலவில் இறைத்துக் குளோரின் போட்டுக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டைப் பற்றி ஒன்று ஊகிக்கிறேன், பிழையானால் மன்னியுங்கள்: எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவதால், காணி உறுதி அநேகமாக உங்கள் அக்காவின் அல்லது தங்கையின் பெயரில் இருக்கும். அப்படியென்றால் உங்கள் கையெழுத்தும் மச்சானின் கையெழுத்தும் எந்த அலுவலகத்திலும் எடுபடாது. அந்தச் சகோதரி வெளிநாட்டில் இருந்தால், தன் சார்பில் ஒப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுத்து, அங்குள்ள நமது தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தை இங்கே பதிந்த பிறகே மச்சான் அவருக்காக ஒப்பமிடலாம். ஆகவே ஏர்பிஎன்பியில் படம் ஏற்றுவதற்கு முன்னர் அந்தச் சகோதரியிடம் கேளுங்கள்; உறுதிப் பிரதியையும் பழைய வரைபடத்தையும் தேடச் சொல்லுங்கள். வரைபடம் சுனாமியோடு போயிருந்தால் சபையின் பழைய கோப்புகளில் தேட வேண்டியிருக்கும், அதற்கு மச்சான் பல தடவைகள் நேரில் போக வேண்டும்.