இடி மழைக்கு முன் எதை வாங்குவது?

கே: ஸ்பைக் பஸ்டர் என்று எழுதியதை 650 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் இடியிலேயே டிவி போய்விட்டது. கடைக்காரர் கையை விரிக்கிறார். (தேனி)

ப: உங்கள் மேல் தவறில்லை. அட்டையில், எவ்வளவு சர்ஜை (திடீர் மின்பாய்ச்சலை) தாங்கும் என்று காட்டும் ஜூல் அளவோ கிலோ ஆம்பியர் அளவோ இருக்கிறதா, பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது பெரும்பாலும் சுவிட்சும் ஃபியூஸும் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். நானும் அப்படி ஒன்றுக்குப் பணம் கொடுத்தவன். பில்லையும் அட்டைப் படத்தையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். விட்டுவிடாதீர்கள்.

கே: ஆர்.சி.சி.பி. (மின்கசிவு பிரேக்கர்) இருக்கிறது. எஸ்.பி.டி.யும் (சர்ஜ் தடுப்புக் கருவி) வேண்டுமா? (அரியலூர்)

ப: வேண்டும். ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பது. பேஸில் போகும் கரண்டுக்கும் நியூட்ரலில் திரும்புவதற்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் ட்ரிப் ஆகும். அதற்குச் சில மில்லி வினாடிகளாவது பிடிக்கும். மின்னல் சர்ஜோ மைக்ரோ வினாடிகளில் டிவி போர்டைக் கருக்கிவிடும்; அதைத் தடுக்கத்தான் எஸ்.பி.டி.

கே: எஸ்.பி.டி. மாட்டிவிட்டேன். எர்த் போட எலக்ட்ரீஷியன் தனியாகப் பணம் கேட்டதால் விட்டுவிட்டேன். பரவாயில்லையா? (ஓசூர்)

ப: பரவாயில்லை என்று எப்படிச் சொல்வேன்? எஸ்.பி.டி. சர்ஜை விழுங்குவதில்லை, எர்த்துக்குத் திருப்பிவிடுகிறது. எர்த் இல்லாவிட்டால் எங்கே திருப்பும்? முதலில் எர்த் போடுங்கள். எர்த் மெகர் (எர்த்தின் தடையை அளக்கும் கருவி) வைத்திருப்பவரைக் கூப்பிட்டு அளந்து, 5 ஓமுக்குள் வருகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு டைப் 2 எஸ்.பி.டி. போதும். கூரையில் இடிதாங்கி இருந்தால் டி.பி.க்கு (வீட்டின் பிரேக்கர் பெட்டிக்கு) முன்னால் டைப் 1 வேண்டும். இன்னொன்று, பலரும் கெடுப்பது இங்கேதான்: எஸ்.பி.டி.க்குப் போகும் வயரும் அங்கிருந்து எர்த் பாருக்கு வரும் வயரும் சேர்ந்து 50 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சர்ஜ் பாயும்போது கூடுதலாக உள்ள ஒவ்வொரு மீட்டரும் ஏறக்குறைய 1,000 வோல்ட்டைச் சேர்த்து டிவிக்கு அனுப்பும். மீந்த வயரைச் சுருட்டி டி.பி.க்குள் திணித்திருந்தால் வெட்டச் சொல்லுங்கள். டிஷ்ஷுக்குத் தனி எர்த் இருந்தால் அதையும் இதோடு இணைக்க வேண்டும்; இல்லாவிட்டால் இரண்டு எர்த்துக்கும் இடையே வரும் வோல்டேஜ் செட்டாப் பாக்ஸ் வழியாகவே பாயும். எஸ்.பி.டி.யில் உள்ள பச்சை ஜன்னல் சிவப்பானால் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள்.

கே: ஒரே இடிதாங்கி 100 மீட்டர் ஆரத்துக்குத் தோப்பையே காக்குமாம். வாங்கலாமா? (பொள்ளாச்சி)

ப: வேண்டாம். மின்னல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 62305, சாதாரண இடிதாங்கியைவிடக் கூடுதலாகச் சொல்லும் அந்தத் தூரத்தை ஒப்புக்கொள்வதில்லை.

கே: சுவிட்சை அணைத்தால் போதாதா? (கடலூர்)

ப: போதாது. மேகத்திலிருந்து தாவி வந்ததற்குச் சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி தடையா? பிளக்கையும் கேபிள் வயரையும் பிடுங்குங்கள், இடி நெருங்கும் முன்பே. மின்னல் தெரிந்து 30 வினாடிக்குள் சத்தம் கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. பிறகு எந்த வயரையும் தொடாதீர்கள். கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப மாட்டவேண்டும்.