பயோ கொப்பியின் பின்பக்கம்

போன வாரம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அம்மா, அப்பா, மகள், அப்புறம் அப்பாவின் போனுக்குள் ரொறன்ரோவிலிருந்து மாமா. மகளுக்கு உயர்தரப் பெறுபேறு வந்து பத்து நாள். பயோவில் இரண்டாம் முறை. இரண்டு சி, ஒரு எஸ். கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியை வைத்துப் பார்த்தால் இங்கே மருத்துவ பீடம் கிடைக்காது. பத்து நாளாக வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றார் அம்மா.

வழக்கம் போல நானும் முதல் பத்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். தேத்தண்ணி வந்தது. மாமா திட்டத்தைச் சொன்னார். வெளிநாட்டில் ஒரு தனியார் மருத்துவப் பல்கலைக்கழகம். பாதிச் செலவை அவர் போடுவார். மீதிக்குச் சுன்னாகத்துக் காணியை விற்கலாம். அப்பாவுக்கு வேறு யோசனை, மூன்றாம் முறையும் எழுதட்டும். பிள்ளை மெதுவாக, "நான் உளவியல் படிக்கிறேன்" என்றாள். அப்பா சிரித்துவிட்டார். "அங்கொடை மனநல ஆஸ்பத்திரியில் வேலை செய்யவா இவ்வளவு டியூஷன் காசு கட்டினேன்?"

அந்தச் சிரிப்போடு என் ஆறுதலும் முடிந்தது.

ஏன் உளவியல் என்று பிள்ளையிடம் கேட்டேன். அவள் பயோ கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். கோடு போட்டு ஒரு அட்டவணை. மேல்மாடியில் சின்னம்மா குடும்பம். அவருடைய நாலு வயது மகன் சாப்பாட்டு நேரத்தில் போன் கேட்டுக் கத்துவான். எத்தனை மணிக்குக் கத்தினான், எவ்வளவு நேரம், யார் போனைக் கொடுத்தது, எல்லாம் திகதியோடு எழுதியிருக்கிறாள். "சின்னம்மா மூன்று நாள் தாக்குப்பிடிப்பார், நாலாம் நாள் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு நாளும் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு பிடிவாதம் வந்திருக்காது, மிஸ். எப்போதாவது கிடைக்கும் என்று தெரிந்ததால்தான் விடாமல் கத்துகிறான்" என்றாள்.

அப்பாவும் மாமாவும் இதைக் காதில் வாங்கவே இல்லை. எனக்குத்தான் உடம்பு சிலிர்த்தது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் பெட்டிக்குள் வைத்துப் பல வருடம் ஆராய்ந்து கண்டது இதைத்தான். நெம்புகோலை அழுத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த எலி, தீனி நின்றதும் சீக்கிரம் அழுத்துவதை விட்டுவிடும். சில தடவை கிடைத்து, சில தடவை கிடைக்காமல் பழகிய எலி நெடுநேரம் விடாது. காலி வீதியில் லொத்தர்ச் சீட்டு வாங்குகிறவர் ஏன் நிறுத்துவதில்லை என்பதற்கும் இதுவே விளக்கம். இப்படி இடைக்கிடை மட்டும் வெகுமதி கிடைப்பதற்கு இடைவிட்ட மீளவலியுறுத்தல் என்று பெயர். பெயர் தெரியாமலே இந்தப் பிள்ளை விஷயத்தைப் பிடித்துவிட்டாள்.

இன்னொன்றும் செய்திருக்கிறாள். கத்தினால் போன் இல்லை, வாயால் கேட்டால் ஐந்து நிமிடம் உண்டு என்று சின்னம்மாவோடு பேசி ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறாள். முதல் நாலு நாள் கத்தல் முன்பைவிடக் கூடியது. சின்னம்மா பயந்துபோய் நிறுத்தப் பார்த்தார். "கூடுவது நல்லதுதான், கொஞ்சம் பொறுங்கள்" என்று சொன்னாளாம். வெகுமதி நின்றதும் பழைய நடத்தை அணைவதற்கு முன் ஒரு தடவை கொழுந்துவிட்டு எரிவதுண்டு. இது பாடநூலில் உள்ள விஷயம். அந்த இடத்தில் பயந்து விட்டுக்கொடுக்கிற பெற்றோர், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளைக்குப் பாடம் நடத்திவிடுகிறார்கள். பதினேழாம் நாளோடு அட்டவணை நின்றிருந்தது. அன்றைக்குத்தான் பெறுபேறு வந்தது.

இனி மாமாவின் திட்டத்துக்கு வருகிறேன். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

வெளிநாட்டுக் கட்டணம் டொலரில். 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அதே வருடம் மே மாதத்தில் 360. வருடம் 5,000 டொலர் கட்டுகிற குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 இலட்சமாக இருந்த கட்டணம் சில மாதங்களில் 18 இலட்சம் ஆகிவிட்டது. பிள்ளை நடுவழியில் இருக்கும்போது காணியை இன்னொரு தடவை விற்க முடியாது. படித்து முடித்து வந்தாலும், இலங்கை மருத்துவ சபை அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்றிருக்க வேண்டும், அதன் பிறகு சபையின் பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், அதன் பிறகுதான் உள்ளகப் பயிற்சி. இப்போது 20 வயது. முழு டொக்டர் ஆகும்போது 28ஐத் தொட்டுவிடும். உயிரைக் கொடுத்து மருத்துவம் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை என்றால் நானே சரி என்பேன். இவள் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லவில்லை. மாமா பாதி போடுவதால் பாதி முடிவும் அவருடையது என்று ஆகிவிடாது. இதை அவர் போனில் இருக்கும்போதே சொன்னேன். கொஞ்ச நேரம் லைன் அமைதியாக இருந்தது.

மூன்றாம் முறையைப் பற்றி அப்பா சொன்னது, "இவ்வளவு செலவழித்தாகிவிட்டது, இப்போது விட்டால் எல்லாம் வீண்." போன காசு இனி எது செய்தாலும் வரப்போவதில்லை. அதை மீட்கப் போய் இன்னொரு வருடத்தையும் போடுவதை ஆராய்ந்தவர்கள் உண்டு. ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், நாடகப் பருவச்சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், கழிவு விலையில் வாங்கியவர்களைவிடப் பருவத்தின் முதற்பாதியில் கூடுதலான நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் இரு தரப்புக்கும் ஒன்றுதான், கொடுத்த காசுதான் வேறு. டியூஷன் காசும் அப்படித்தான் பிடித்து இழுக்கிறது.

"அப்போ பயோ படித்தது வீணா?" என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. நாய்க்கு எச்சில் ஊறுவதை வைத்துக் கற்றலை விளக்கிய பவ்லோவ் ஒரு உடற்றொழிலியலாளர். அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்ததே சமிபாட்டு ஆராய்ச்சிக்குத்தான். பிராய்ட் வியன்னாவில் நரம்பு வைத்தியர். பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்த பியாஜே கலாநிதிப் பட்டம் வாங்கியது நத்தை, சிப்பி வகைகளில். நரம்புத் தொகுதியும் ஓமோன்களும் உளவியல் பட்டத்தின் முதல் வருடத்திலேயே வந்து நிற்கும். கலைப் பிரிவிலிருந்து வருகிற பிள்ளைகள் அங்கேதான் திணறுவார்கள். இவளுக்கு அது திரும்பிப் பார்க்கிற பாடம்.

பியாஜேயின் சோதனை ஒன்றை அங்கேயே செய்து காட்டினேன். அகலக் கோப்பையிலிருந்த தேத்தண்ணியை ஒடுங்கிய உயரக் கிளாஸில் ஊற்றினேன். மேல்மாடித் தம்பியிடம் கேட்டால் கிளாஸில்தான் கூட என்பான். ஏழு வயதளவில் அதே பிள்ளை, "ஊற்றினால் கூடுமா?" என்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அந்தத் தம்பியின் தலைக்குள் உலகம் வேறு விதமாக இருக்கிறது, அவன் முட்டாள் இல்லை. அப்பா கிளாஸைக் கையில் எடுத்துப் பார்த்தார். முதல் தடவையாக அவருக்கு விஷயத்தில் ஆர்வம் வந்தது அப்போதுதான். வைகொட்ஸ்கி என்ற ரஷ்யர் வேறு பக்கம் பிடித்தார். பிள்ளை தனியாகச் செய்வதற்கும் தெரிந்தவர் துணையோடு செய்வதற்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் கற்பித்தல் நடக்க வேண்டும் என்றார். ஐந்நூறு பேர் இருக்கிற டியூஷன் ஹோலில் அந்தத் தூரத்தை யார் அளப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

உளவியலாளர் பண்டுராவைச் சொல்லாமல் விட முடியாது. 1961இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்வில், ஒரு பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே மாதிரி அடித்தார்கள். 1965இல் பண்டுரா வெளியிட்ட ஆய்வு அதைவிட நுட்பமானது. அடித்தவர் தண்டனை வாங்குவதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் செய்து காட்டினால் பரிசு என்றதும், மற்றவர்களைப் போலவே செய்து காட்டினார்கள். கற்றது உள்ளே இருந்திருக்கிறது, வெளியே வரவில்லை. இந்தக் குடும்பத்தில் பெரியம்மாவின் மகன் மூன்று வருடத்துக்கு முன் டிசைன் படிக்கப் போகிறேன் என்று சொல்லி நல்லாய் வாங்கிக் கட்டிக்கொண்டானாம். இந்தப் பிள்ளை அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். உளவியல் என்ற சொல்லை வாய்க்குள்ளேயே வைத்திருக்க அவளுக்கு அது போதும்.

ஆளுமைக் கொள்கைகளில் எனக்கு உதவுவது பிராய்டைவிட எரிக்சன் வழி வந்தவர்கள். கட்டிளமைப் பருவத்தின் பெரிய வேலை, நான் யார் என்று தேடுவது என்றார் எரிக்சன். ஜேம்ஸ் மார்சியா 1966இல் அதைப் பிரித்துப் பார்த்தார். தேடிப் பார்த்து முடிவெடுத்தவர்கள் ஒரு வகை. தேடாமலே, வீட்டில் கொடுத்ததை அப்படியே போட்டுக்கொண்டவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகை வெளிப்பார்வைக்கு மிகத் தெளிவாகத் தெரியும். "என் மகன் மூன்று வயதிலேயே டொக்டர் என்று சொல்லிவிட்டான்" என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மார்சியாதான் ஞாபகம் வருவார். கார்ல் ரொஜர்ஸ் சொன்னதும் இதோடு ஒட்டியது: நிபந்தனையோடு மட்டுமே மதிக்கப்படுகிற பிள்ளை, தன் அனுபவத்தை நம்பாமல் மற்றவர்களின் அளவுகோலால் தன்னை அளக்கப் பழகிவிடும்.

ஆளை நாலு ஆங்கில எழுத்தில் வகைப்படுத்தும் ஆளுமைப் பரீட்சை ஒன்றை மாமா இணையத்தில் செய்வித்து அனுப்பியிருந்தார். அதை ஓரமாக வைத்துவிட்டேன். ஆட்களை வகைப் பெட்டிகளில் போடுவதைவிட, திறந்த மனம், பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், பதற்றம் என்ற ஐந்து பண்புகளும் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறைக்குத்தான் ஆய்வு ஆதாரம் அதிகம். விரல்ரேகை ஸ்கேன் பண்ணி மூளைத்திறன் சொல்கிறோம் என்று யாராவது வந்தால் காசைப் பையிலேயே வைத்திருங்கள்.

பிள்ளைக்கும் சில கசப்பான விஷயம் சொன்னேன். உளவியல் கதை கேட்கிற படிப்பு இல்லை. பெரும்பகுதி புள்ளிவிபரவியலும் ஆய்வு முறையும். அந்த அட்டவணையைப் பார்த்தால் உனக்கு அது பயமாக இருக்காது, ஆனால் தினமும் அதுதான். பட்டம் முடித்தவுடன் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. முதுநிலைப் படிப்பும் மேற்பார்வையில் மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும். மருந்து எழுதுவது மனநல வைத்தியரின் வேலை, அவர் முதலில் டொக்டர். கொழும்பில் சில மாத டிப்ளோமாவோடு உளவளத்துணையாளர் என்று பலகை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதே. தனியார் நிறுவனத்தில் படிப்பதென்றால் பட்டத்தைக் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம், அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று எழுத்தில் வாங்கிய பிறகே முதல் தவணை.

முதலில் பார்க்கச் சொன்னது நாவலவில் உள்ள திறந்த பல்கலைக்கழகம். அரசுப் பல்கலைக்கழகம், கட்டணம் ரூபாயில், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். அனுமதித் தகுதி, மொழிமூலம், தவணைக் கட்டணம் மூன்றையும் அவர்களிடமே நேரில் கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலத்தை இந்த இடைவெளியிலேயே பலப்படுத்த வேண்டும், வாசிப்பு முழுக்க அதில்தான்.

வேலை இருக்குமா என்று அப்பா கேட்டார். பிரதேச செயலகங்கள், விசேட தேவையுள்ள பிள்ளைகளின் நிலையங்கள், பாடசாலைகள், தொண்டு நிறுவனங்கள், கம்பனிகளின் மனிதவளப் பிரிவுகள். ஆரம்பச் சம்பளம் பெரிதில்லை, மறைக்க மாட்டேன். ஆனால் பேச்சு வராத மகனை வைத்துக்கொண்டு, "தமிழில் பேசுகிற ஒருவர் கிடைப்பாரா?" என்று கேட்டு வருகிற தாய்மாரை நான் வாராவாரம் பார்க்கிறேன். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருகிறார்கள், ஹட்டனிலிருந்தும் வருகிறார்கள். நாலு வயதுப் பிள்ளையோடு மொழிபெயர்ப்பாளர் வைத்து வேலை செய்ய முடியாது. அங்கொடை என்று சிரிக்கிறோமே, அங்குள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு இரண்டு மணிக்கும் ஆட்கள் அழைக்கிறார்கள். நம் வீடுகளிலிருந்தும்தான்.

அப்பா முடிவு எதுவும் சொல்லவில்லை. காணிப் பேச்சை மட்டும் இரண்டு மாதம் தள்ளி வைப்பதாக ஒப்புக்கொண்டார். மாமா மறுபடி பேச வேண்டும் என்றார். சரி, வரட்டும். அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறேன். திறந்த பல்கலைக்கழக விபரங்களோடு அந்தப் பயோ கொப்பியையும் கொண்டு வரச் சொன்னேன். பதினெட்டாம் நாளிலிருந்து அட்டவணையைத் தொடரும்படி பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். போன் விஷயத்தில் சின்னம்மா இன்னும் தாக்குப்பிடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.