புயலிலே ஒரு தோணி: பாதியில் மூடியவருக்கு
“வாழ்நாள் முழுக்க மறக்காது என்கிறார்கள், எனக்கோ இந்தோனேசியாவின் மெடான் நகரத் தெருப் பெயர்களிலேயே தலை சுற்றி 60 பக்கத்தில் மூடிவிட்டேன்” என்று ப. சிங்காரத்தின் இந்த நாவலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் இரண்டு தடவை மூடி வைத்தவன்தான்.

தெருப் பெயர், மலாய்ச் சொல் எதற்கும் நிற்காதீர்கள், கதாநாயகன் பாண்டியன் இப்போது எந்த ஊரில் இருக்கிறான் என்பது மட்டும் பிடிபட்டால் போதும், மற்றதெல்லாம் சந்தை இரைச்சல் மாதிரி காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும். அப்படியும் ஓடவில்லையா, சரி, ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலை முதலில் எடுங்கள். அதே இரண்டாம் உலகப் போர்க்காலம், அதே இந்திய தேசிய ராணுவம், ஆனால் செல்லையா, மரகதம் என்று கதை நேராகப் போகும். மனிதர் எழுதியதே இந்த இரண்டு நாவல்கள்தான்!

எனக்கு ஒட்டிக்கொண்டது போர் இல்லை. கடல் தாண்டிப் போன பாண்டியன் மனசுக்குள் மதுரைத் தெருக்களில் நடக்கிறானே, அதுதான். இப்போதும் ராத்திரி மதுரையில் பஸ் இறங்கினால் அவன் ஞாபகம் வரும்.