நூலக அறிவியல் படித்த மகளுக்கு எம்பிஏ எதற்கு?

அம்மா, நூலக அறிவியலில் முதுகலை முடித்துத் தனியார் பள்ளியில் நூலகராக இருக்கும் மகளின் சம்பளம் பஸ்ஸுக்கும் கைச்செலவுக்குமே சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் கொழுந்தனார் சொல்கிறார் என்பதற்காக நகையை அடகு வைத்து எம்பிஏ சேர்ப்பது தவறு. ஒழுங்குபடுத்துவதும் பட்டியலிடுவதும் அவளுக்குப் பிடிக்கும், ஆட்களைத் துரத்திப் பேசி விற்பது பிடிக்காது என்று நீங்களே சொல்கிறீர்கள். பிடிக்காத வேலைக்குக் கடனில் படிப்பா? வட்டி கட்டப்போவது கொழுந்தனார் அல்ல.

கல்லூரிப் பணிக்கான நெட் தகுதித் தேர்வும் கல்லூரி நூலகர் பதவியும் அவள் அறிந்தவைதான். நான் சொல்வது ஆவண மேலாண்மை, அதாவது அலுவலகக் கோப்புகளைப் பராமரிக்கும் வேலை.

நூலகத்தில் ஒரு புத்தகம் தொலைந்தால் வேறு பிரதி வாங்கலாம். அலுவலகக் கோப்பு அப்படியல்ல. வழக்கிலும் தணிக்கையிலும் அதுதான் சாட்சி. எதை எத்தனை ஆண்டு வைப்பது, எப்போது அழிப்பது என்று அட்டவணை போட்டு நடத்துவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. நிறுவனங்கள் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் காக்க வேண்டும். உள்நோயாளியின் மருத்துவக் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 2023-இல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை, நோக்கம் முடிந்த தனிநபர் விவரங்களை அழிக்கச் சொல்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்க ஆள் வேண்டும். (நம் கலெக்டர் அலுவலகங்களில் ஆர்.டிஸ். என்ற குறி இருந்தால் நிரந்தரமாக வைப்பது, டி.டிஸ். என்றால் பத்தாண்டு வைப்பது என்று கோப்பை முடிக்கும்போதே எழுதிவிடுவார்கள். பழைய வழக்கம்தான், ஆனால் புத்திசாலித்தனமானது.)

பகுப்பு, அட்டவணையாக்கம், மீதரவு (ஓர் ஆவணத்தைப் பற்றிய விவரக் குறிப்பு) எல்லாம் மகளுக்குக் கைவந்தவை. பழக்கம் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நூலகர் பொருள்வாரியாகப் பிரிப்பார். இங்கே பணிவாரியாகப் பிரிக்க வேண்டும். மருத்துவமனை ஸ்கேன் இயந்திரம் வாங்கிய கோப்பு 'கதிரியக்கவியல்' என்ற தலைப்பில் போகாது, 'கொள்முதல்' என்ற தலைப்பில் போகும். நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் முகப்புப் பகுப்பாய்வை, அதாவது ஒரு பொருளைப் பல கூறுகளாகப் பிரித்துப் பார்க்கும் முறையைப் படித்தவளுக்கு இது விரைவில் பிடிபட்டுவிடும். புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம் சட்டமும் ஆவண மேலாண்மை மென்பொருளும். தில்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஆவணவியல் பள்ளியில் குறுகிய காலச் சான்றிதழ் படிப்புகளும் உண்டு. சேருமுன் தகுதியையும் கட்டணத்தையும் அவளே நேரில் கேட்டு உறுதிசெய்யட்டும். இடைத்தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

'ஆவண மேலாளர்' என்று தேடினால் விளம்பரங்கள் அதிகம் கிடைக்காது. மருத்துவமனைகளில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவு, கட்டுமான, எண்ணெய்த் திட்டங்களில் டாகுமென்ட் கன்ட்ரோலர், வங்கிகளிலும் பன்னாட்டு நிறுவனங்களிலும் இன்ஃபர்மேஷன் கவர்னன்ஸ் (தகவல் நிர்வாகம்) என்று பல பெயர்களில் ஒளிந்திருக்கும். முதல் ஆண்டிலேயே சம்பளம் எகிறிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பணி ஆணை கைக்கு வரும்வரை பள்ளி வேலையை விட வேண்டாம்.

கோடை விடுமுறையில் அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் ஒரு மாதம் பயிற்சிக்கு அனுமதி கேட்கட்டும். நாள் முழுவதும் கோப்புகளோடும் கணினியோடும் இருப்பது ஒத்துவரவில்லை என்று அவள் சொன்னால் வற்புறுத்தாதீர்கள், எனக்கு எழுதுங்கள். வேறு வழி பார்க்கலாம்.