சென்னையில் 35 ஆயிரம், மதுரையில் 20 ஆயிரம்: மணிக்கு எவ்வளவு?

வணக்கம் ஐயா. மகனுக்கு வந்த இரண்டு ஆஃபர் லெட்டர்களையும் படித்தேன். சென்னை சிறுசேரி கம்பெனி வருடத்துக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் தருகிறது, மதுரை இலந்தைக்குளம் ஐடி பூங்காவில் உள்ள கம்பெனி மாதம் 20,000 தருகிறது, 15 ஆயிரம் வித்தியாசத்தை விட்டுவிட்டு மதுரையிலேயே இருக்கிறேன் என்கிறானே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அந்த 15 ஆயிரம் நிஜமாகவே இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவோம்.

4,20,000 என்பது சிடிசி, அதாவது கம்பெனி அவனுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. மாதம் 15,000 அடிப்படைச் சம்பளம் என்று போட்டிருக்கிறார்கள். அதில் 12 சதவீதம், அதாவது மாதம் 1,800 ரூபாய், கம்பெனி கட்டும் பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி. வருடத்துக்கு 21,600. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை என்று 8,658 எழுதியிருக்கிறார்கள். பொதுவாக ஐந்து வருடம் வேலை பார்த்தால்தான் அது கிடைக்கும். இன்சென்டிவ் 36,000, வருடக் கடைசியில், அதுவும் ரேட்டிங்கைப் பொறுத்து. காப்பீட்டு பிரீமியம் ஒரு 6,000. இதையெல்லாம் கழித்து, அவன் பங்கு பிஎஃப் 1,800-ஐயும் தொழில் வரியையும் எடுத்துவிட்டால் கைக்கு வருவது சுமார் 27,000.

மதுரை லெட்டரில் மாதச் சம்பளமே 20,000 என்று நேராகப் போட்டிருக்கிறார்கள். பிஎஃப் 1,200, ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 150, தொழில் வரி போனால் கையில் சுமார் 18,500.

இனி நேரம். இரண்டுமே வாரம் ஐந்து நாள், சாப்பாட்டு இடைவேளை சேர்த்து ஒன்பது மணி நேர வேலை. மாதம் 22 நாள் என்றால் 198 மணி. குரோம்பேட்டையில் சித்தப்பா வீட்டில் தங்கவைத்தால் வாடகை மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அங்கிருந்து சிறுசேரிக்கு நெரிசல் நேரத்தில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி பிடிக்கும். மாதம் 66 மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும். மொத்தம் 264. வீட்டுச் செலவுக்கு 4,000, பயணத்துக்கு 2,500 போக மீதி 20,500. மணிக்கு 78 ரூபாய்.

ஆபீஸ் பக்கத்திலேயே சாப்பாட்டோடு ஷேரிங் ஹாஸ்டல் 9,000-க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர அரை மணி. செலவு 9,500, மீதி 17,500, மொத்த நேரம் 209 மணி. மணிக்கு 84 ரூபாய். பணம் 3,000 குறைகிறது, நேரம் 55 மணி மிச்சமாகிறது. தூங்கவும் படிக்கவும் அந்த நேரம் வேண்டும். சென்னைதான் என்று முடிவானால், தயவுசெய்து ஹாஸ்டலில் விடுங்கள். சித்தப்பா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மதுரையில் போக வர 40 நிமிடம், மொத்தம் 213 மணி. வீட்டுக்கு அதே 4,000, பெட்ரோல் 1,000 போக மீதி 13,500. மணிக்கு 63 ரூபாய்.

ஆக, ஹாஸ்டல் கணக்குப்படி 15 ஆயிரமாகத் தெரிந்தது 4,000-தான். பிஎஃப்பில் சென்னை வேலை கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்கும், உண்மை. ஆனால் மதுரைச் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் ஈஎஸ்ஐ உண்டு. அவனை நம்பியிருக்கும் பெற்றோர் என்றால், உங்கள் வருமானம் வரம்புக்குள் இருக்கும்வரை உங்கள் இருவருக்கும் அதில் சிகிச்சை பெறலாம். சென்னைக் காப்பீட்டில் பெற்றோர் உண்டா என்று லெட்டரில் இல்லை. கேளுங்கள்.

4,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை, வீட்டுக் கடன் இருக்கும் குடும்பத்துக்கு அது பெரிதுதான். உங்களுக்குக் கடன் இல்லை என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன்: தம்பி அந்த ஒன்பது மணி நேரத்தில் என்ன செய்யப்போகிறான் என்பதை வைத்து முடிவெடுங்கள். மதுரையில் முதல் மாதத்திலிருந்தே கோடிங்கில் உட்கார வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சென்னை லெட்டரில் ‘ட்ரெய்னி’ என்று மட்டும் இருக்கிறது, எந்த புராஜெக்ட், எந்த ஷிஃப்ட் என்று ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வருடம் டிக்கெட் மூடும், அதாவது வரும் புகார்களை முடித்துவைக்கும் சப்போர்ட் வேலையில் உட்கார்ந்த பையன் அடுத்த இன்டர்வியூவில் படும் பாட்டை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்று 63 ரூபாய் தரும் வேலை, கற்றுக்கொடுத்தால், அடுத்த கம்பெனியில் அவன் கேட்கும் சம்பளத்தையே மாற்றிவிடும். என் மனம் மதுரைப் பக்கம்தான் சாய்கிறது.

இருந்தாலும் நாளைக்கே சென்னைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம். எந்த டீம், நைட் ஷிஃப்ட் உண்டா, பாண்ட் (விலகக் கூடாது என்ற ஒப்பந்தம்) எத்தனை வருடம், வேலையை விடுமுன் கொடுக்க வேண்டிய நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று தம்பியையே எச்ஆருக்கு மெயில் போடச் சொல்லுங்கள். டெவலப்மென்ட் டீம், பகல் ஷிஃப்ட் என்று எழுத்தில் பதில் வந்தால் சென்னைக்குத் தாராளமாக அனுப்பலாம். மதுரைக் கம்பெனியிடமும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப்போகும் சீனியர் யார், அவருக்கு எத்தனை வருட அனுபவம் என்று கேட்கச் சொல்லுங்கள். அப்புறம், எந்தக் கம்பெனி கேட்டாலும் ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்க்கக் காட்டிவிட்டு அன்றே கையோடு வாங்கி வந்துவிட வேண்டும்.